விறைத்துப்போன வாக்குவம் கிளீனர் ரப்பர்: ஊறவைப்பதா, வெட்டிப் போடுவதா, புதிது வாங்குவதா?

போன வருடம் ஆடியில் அத்தை வீட்டு மாடி ஒழுகியது. பரணில் கிடந்த வாக்குவம் கிளீனரை மாமா இறக்கினார். தண்ணீரையும் உறிஞ்சும் ரகம். வீட்டுக்கே வந்து, தரையில் மண்ணைக் கொட்டி, உறிஞ்சிக் காட்டி விற்றுப் போவார்களே, அந்தக் காலத்தில் வாங்கியது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஆனால் தரையில் வைத்து இழுக்கும் தலையைப் பொருத்தி இழுத்தால் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே நின்றது. "சத்தம் மட்டும் ஊரைக் கூட்டுது, தண்ணி நின்ன இடத்துலயே நிக்குது. நீ ஒரு எட்டு வந்து பாரேன்" என்று அத்தை போன் செய்தார்.

போய்த் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு ரப்பர் பட்டைகள். இரண்டும் பிளாஸ்டிக் ஸ்கேல் மாதிரி விறைத்திருந்தன. ஓரத்தில் இரண்டு குட்டிச் சக்கரங்கள். அவற்றின் மேல் இருந்த ரப்பர் கண்ணாடிபோல் பளபளத்து வழுக்கியது. குழாய் நுழையும் கழுத்தில் ஒரு வாஷர். அது வற்றல் மாதிரி காய்ந்திருந்தது. போதாதற்கு மாமா ஒரு ரப்பர் அடாப்டரையும் கொண்டுவந்தார். படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும் கூம்பு அது. அவருடைய மரம் அறுக்கும் மெஷினில் தூள் வரும் வாயோடு வாக்குவம் குழாயை இணைப்பதற்கு. அதுவும் விறைத்துப்போய் எதிலும் ஏற மாட்டேன் என்றது.

வீட்டில் மூன்று கட்சி. மாமா தேங்காய் எண்ணெய் கட்சி. அத்தை மகன் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு விண்டர்கிரீன் தைலத்தில் ஊறவைக்கலாம் என்றான். அத்தை, "இந்தத் தலையைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டா என்ன?" என்றார். கடைசியில் நான்கு பாகங்களுக்கும் ஒரே பதில் சரிவரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி தேவைப்பட்டது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ரப்பர் ஏன் விறைக்கிறது என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மரத்துப் பாலிலிருந்து எடுக்கும் ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போதுதான் அது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் உறுதியான பொருளாகிறது. சார்லஸ் குட்இயர் 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்த முறைக்குத்தான். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. வருடங்கள் போகப்போக வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் மேலும் மேலும் முடிச்சுப் போடுகின்றன. உள்ளே கலந்திருந்த எண்ணெய்ப் பசையும் மெல்ல வெளியேறிவிடுகிறது. செயற்கை ரப்பரில் பல வகைகள் முற்றுவது இப்படித்தான்.

வீட்டில் செய்யும் எந்த வைத்தியமும் அந்த முடிச்சுகளை அவிழ்க்காது. இழைகளுக்கு நடுவே ஏதாவது திரவம் புகுந்து அவற்றைக் கொஞ்சம் விலக்கி வைக்கும், அவ்வளவுதான். திரவம் ஆவியாகிப் போனால் பழையபடி விறைப்பு.

இனி பாகத்தைக் கையில் எடுங்கள். முதல் கேள்வி, அது என்ன வேலை செய்கிறது? பட்டை தரையோடு ஒட்டி வழிக்க வேண்டும். வாஷர் காற்றுப் போகாமல் அடைக்க வேண்டும். சக்கரம் வழுக்காமல் உருள வேண்டும், தரையில் கீறல் போடக் கூடாது. அடாப்டர் விரிந்து கொடுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். மேல்தோல் மட்டும் மிருதுவானாலே போதும் என்கிற வேலை உண்டு. உள்வரை வளைந்து கொடுத்தே ஆக வேண்டிய வேலையும் உண்டு.

இரண்டாவது, எவ்வளவு முற்றியிருக்கிறது? வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதே சோதனைதான், பதில் மட்டும் நேர் எதிர்: ரப்பர் ஒடிந்தால் முற்றல். ஒடியாமல் வளைகிறது, ஆனால் வளைந்த இடத்தில் நெருக்கமாகக் கோடுகோடாக வெடிப்பு தெரிகிறது என்றால் காற்றில் துளியளவு இருக்கும் ஓசோன் வாயு அரித்திருக்கிறது. வெடிப்பு விழுந்ததை எதில் ஊறவைத்தும் பயனில்லை, வெடிப்பு இன்னும் அகலமாகும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழுந்து மீள்கிறதா? அப்படியானால் நம்பிக்கை உண்டு. ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். பென்சில் அழிரப்பர் சுமார் 40, கார் டயர் 60-லிருந்து 70. தண்ணீர் வழிக்கும் பட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது இருக்க வேண்டும். அத்தை வீட்டுப் பட்டை டயரையே மிஞ்சியிருந்தது.

மூன்றாவது, அது ரப்பர்தானா? குழாய் முனைகளில் இருக்கும் கறுப்பு உறை பல சமயம் பிவிசி. கொதித்து இறக்கிய தண்ணீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். நன்றாகத் துவண்டு, ஆறியதும் பழையபடி விறைத்தால் பெரும்பாலும் பிவிசி போன்ற பிளாஸ்டிக். முற்றிய ரப்பர் வெந்நீருக்கு அவ்வளவாக மசியாது.

நான்காவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது: இந்த வடிவத்தைத் தட்டையான ஷீட்டிலிருந்து வெட்டி எடுக்க முடியுமா? முடியும் என்றால் ஊறவைக்கிற பேச்சே வேண்டாம்.

## வழி 1: எண்ணெய், சிலிக்கான் தடவுவது

மாமாவின் கட்சியை முதலில் முடித்துவிடுகிறேன். தேங்காய் எண்ணெயும் வாசலினும் தடவியதும் ரப்பர் கறுத்து மினுமினுக்கும், பார்க்கப் புதிதுபோல இருக்கும். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. நாளாக ஆக ஊதி, பிசுபிசுத்து, வலுவிழக்கும். போதாதற்கு வாக்குவம் உறிஞ்சும் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் போய் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இன்னும் மோசம். முக்கி எடுத்த அன்று மெத்தென்று இருக்கும். ஆவியாகும்போது ரப்பரில் மிச்சமிருந்த பசையையும் வெளியே இழுத்துவிட்டுப் போயிருக்கும். தீப்பிடிக்கிற ஆபத்து தனி.

சிலிக்கான் கிரீஸ் வேறு ஜாதி. ரப்பரை மிருதுவாக்காது, கெடுக்கவும் செய்யாது. கழுத்து வாஷர் போன்ற இடத்தில், ரப்பர் இன்னும் ஓரளவு உயிரோடு இருந்தால், ஒரு பொட்டுக் கிரீஸ் சின்ன இடைவெளியை அடைத்துக் குழாய் ஏறி இறங்கவும் உதவும். சிலிக்கானால் ஆன வாஷருக்கு மட்டும் இதைத் தடவாதீர்கள், ஊதிவிடும். தரையைத் தொடும் பட்டையிலும் சக்கரத்திலும் தடவினால் டைல்ஸில் படிந்து, அடுத்து நடந்து வருபவர் வழுக்கி விழுவார்.

## வழி 2: விண்டர்கிரீன் தைலத்தில் ஊறவைப்பது

பழைய பிரிண்டர்களில் பேப்பரை இழுக்கும் உருளைகளுக்கு உயிர் கொடுக்க மெக்கானிக்குகள் பல காலமாகச் செய்வது இது. விண்டர்கிரீன் தைலம் என்பது பெரும்பாலும் மீத்தைல் சாலிசிலேட். சுளுக்குக் களிம்பு வாசனை என்று நமக்குத் தெரிந்த அதே வாசனை. ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கந்தபுரா தைலம் என்று கேட்டாலும் கிடைக்கலாம், ஆனால் வேறு எண்ணெய் கலக்காததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு பங்கு தைலம், மூன்று பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஆல்கஹால் தைலத்தைக் கரைத்து ரப்பருக்குள் கொண்டுபோகும். அதன் கொதிநிலை 82 டிகிரி செல்சியஸ், தைலத்துக்கோ 220-க்கு மேல். அதனால் ஆல்கஹால் சீக்கிரம் பறந்துவிடும், தைலம் உள்ளே தங்கி மெல்ல மெல்லத்தான் போகும். இந்த வைத்தியம் நாள்கணக்கில் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான். ஒரேயடியாக நிற்காததும் அதனால்தான்.

மாமாவின் அடாப்டருக்கு இதைச் செய்தோம். பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்து, முழுதாகக் காயவைத்து, அதன் வட்டத்தை ஒரு தாளில் பென்சிலால் வரைந்துகொண்டேன். பிறகு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் முக்கி மாடி வராந்தாவில் வைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து அழுத்திப் பார்த்தோம். ஆறு மணி நேரத்தில் கை அழுத்தத்துக்கு மடங்கியது. எடுத்துத் தாளில் வைத்தால் வட்டம் பென்சில் கோட்டைத் தாண்டி நின்றது. மெஷின் வாயில் மாட்டினால் தொளதொள. மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான்கு நாள் காற்றாட வைத்த பிறகு கோட்டுக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வந்தது, இறுக்கமாகவும் ஏறியது. ஆகவே ஊறவைத்த அன்றே பொருத்திப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஆனால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிப் போனால் காலையில் அல்வா மாதிரி ஒன்று கிடைக்கும், அதற்கு மீட்சி கிடையாது.

இனி யாரும் சொல்லாத செலவுகள். இந்தத் தைலம் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கைத் தின்னும். வாக்குவம் தலையே பெரும்பாலும் அந்த ரகப் பிளாஸ்டிக்தான். ரப்பரைத் தனியே கழற்ற முடியாவிட்டால் இந்த வழியைத் தொடாதீர்கள். சக்கரத்தில் ரப்பர் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் அதுவும் வேண்டாம். வாசனை வீட்டை விட்டுப் போக வாரக்கணக்காகும்; வந்தவர்கள் எல்லோரும் அத்தையிடம் யாருக்கு முதுகு வலி என்று விசாரித்தார்கள்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஒரு டீஸ்பூன் சுத்தமான விண்டர்கிரீன் தைலத்தில் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான மருந்து இருக்கிறது, அதாவது இருபதுக்கும் மேற்பட்ட சாதாரண மாத்திரைகள். சின்னக் குழந்தை அதைக் குடித்தால் உயிரே போகலாம். இனிப்பான வாசனை வேறு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜாடியைப் பூட்டி வைக்க இடம் இல்லையென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். கையுறை போடுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கையால் தொடாமலிருப்பது நல்லது. அப்புறம், கை பழகிவிட்டது என்று குக்கர் கேஸ்கட்டையும் இதில் போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டோடு சேர்கிற பொருளுக்கு இது ஆகவே ஆகாது.

அடாப்டர் ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மறுபடி விறைக்க ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு முறை ஊறவைக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் பலன் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டும். வெட்டி எடுக்க முடியாத வடிவம், கடையில் கிடைக்காத பாகம், எப்போதாவது பயன்படுத்துவது: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்த வழிக்கு அர்த்தம்.

## வழி 3: தேய்ப்பது, திருப்பிப் போடுவது

இதை யாரும் யோசிப்பதில்லை. செலவு ஒரு உப்புத்தாள். தடித்த ரப்பரில் முற்றுவது முதலில் மேல்தோல்தான். ஆக்சிஜன் உள்ளே புகுவதற்குள் மேலேயே செலவாகிவிடுகிறது. சக்கரங்களை 120-ம் நம்பர் உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தேன். பளபளப்பு போய், கறுப்புத் தூள் உதிர்ந்து, அடியில் மங்கலான, விரலுக்குப் பிடிமானமான ரப்பர் தெரிந்தது. பத்து நிமிட வேலை. தூளை மூக்கில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க ஈரத்தோடு தேய்ப்பது நல்லது.

பட்டையை உருவிப் பார்த்து, இரு ஓரமும் ஒரே மாதிரி இருந்தால் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். பிடிக்குள் இருந்த ஓரம் காற்றுப் படாமல் கொஞ்சம் நன்றாக இருக்கும். அத்தை வீட்டுப் பட்டைக்கு ஒரு ஓரத்தில் தடித்த விளிம்பு இருந்ததால் அது நடக்கவில்லை. மெல்லிய பட்டை உள்வரை முற்றியிருந்தால் தேய்ப்பதும் வீண்.

## வழி 4: வெட்டிப் போடுவது

நேரான பட்டைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ரப்பர் ஷீட் விற்கும் கடையில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் ஷீட் ஒரு துண்டு கேளுங்கள். பழைய பட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். தடிமனை வாயால் சொல்லி வாங்கினால் பிடிக்குள் நுழையாது. அவசரத்துக்குப் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கிடைக்கும். டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றை விடாது, ஓசோனையும் தாங்கும். மெல்லியதாக இருப்பதால் இரண்டு மடிப்பாக ஒட்ட வேண்டிவரும். தரை துடைக்கும் வைப்பரின் பஞ்சு ரப்பரை மட்டும் வெட்டிப் போடாதீர்கள், உறிஞ்சும் இழுப்பில் உள்ளே மடிந்துகொள்ளும்.

வெட்டுவதில்தான் வித்தை. ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே மூச்சில் அழுத்தாமல் நாலைந்து முறை லேசாக இழுக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் அலையலையாக வரும். எங்கெல்லாம் அலை இருக்கிறதோ அங்கெல்லாம் தரையில் தண்ணீர்க் கோடு விழும். கூர்மையான, சதுரமான ஓரம்தான் தண்ணீரை வழிக்கும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பட்டைகளையும் ஒரே மாதிரி வெட்டிப் போட்டேன். இழுத்துப் பார்த்தால் தலை தரையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. முன்னால் இருந்த பட்டை தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே போனது. பழைய பட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: முன்பட்டையின் அடியில் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள். தண்ணீரும் காற்றும் நுழைய அதுதான் வாசல். பின்பட்டை மட்டுமே வழவழப்பு. முன்பட்டையில் ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சின்ன முக்கோண வெட்டுப் போட்டதும் தலை நகர்ந்தது, தண்ணீரும் ஏறியது.

கழுத்து வாஷர் வட்டமான குறுக்குவெட்டு உடையதாக இருந்தால் அது ஓ-ரிங். பம்ப் செட், பைப் சாமான் விற்கும் கடையில் நைட்ரைல் ஓ-ரிங் பல அளவுகளில் கிடைக்கும். பத்து ரூபாய், இருபது ரூபாய் சமாச்சாரத்துக்கு ஊட்டித் தைலம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஷீட்டை முழங்கணக்கில் தர மாட்டோம், ஒரு மீட்டர் வாங்கு என்கிற கடைக்காரர்தான் இந்த வழியின் மறைமுகச் செலவு. வெட்டி மிஞ்சிய துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், பல சமயம் இருக்கும்.

## வழி 5: புதுத் தலையாக வாங்குவது

அத்தையின் கட்சியைக் கேலி செய்ய முடியாது. வேறு கம்பெனி செய்யும் பொதுவான தலைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. குழாய்கள் அதிகமாக வருவது 32, 35 மில்லிமீட்டர் அளவுகளில். சிக்கலும் அங்கேதான். 32 என்பது குழாயின் வெளிவிட்டமா, தலைக் கழுத்தின் உள்விட்டமா என்று பல பக்கங்களில் போட்டிருக்காது. விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியால் அளந்துகொண்டு, விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கிளிக் என்று மாட்டும் பூட்டு உள்ள மாடல்களுக்குப் பொதுத் தலை சேராது. இன்னொன்று, படத்தில் பட்டை மாதிரி தெரிவது தூசிக்கான பிரஷ்ஷாக இருக்கலாம், தண்ணீருக்கானது வேறு.

பழைய ஸ்டாக் "ஒரிஜினல்" பட்டை என்று வரும் பாகத்திலும் எச்சரிக்கை வேண்டும். குடோனில் பத்து வருடம் கிடந்த ரப்பர் உங்கள் பரணில் கிடந்த ரப்பரைப் போலவேதான் முற்றியிருக்கும். கவரைப் பிரித்ததும் வெண்டைக்காய்ச் சோதனை செய்துவிடுங்கள்.

தலையின் பிளாஸ்டிக்கே விரிசல் விட்டிருந்தாலும், பட்டை பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தாலும், வாரத்தில் நாலு நாள் பயன்படுத்துகிற மெஷினாக இருந்தாலும் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | செலவு | தெரியாமல் வரும் செலவு | எவ்வளவு நிற்கும் | எதற்கு |
|---|---|---|---|---|
| சிலிக்கான் கிரீஸ் | குறைவு | தரையில் பட்டால் வழுக்கும் | சில வாரம் | இன்னும் முற்றாத வாஷர் |
| தைலத்தில் ஊறல் | சில நூறு ரூபாய் | வாசனை, விஷம், பிளாஸ்டிக் கெடும் | சில மாதம் | வெட்ட முடியாத வடிவம் |
| தேய்த்தல் | மிகக் குறைவு | தூள், தடிமன் குறைதல் | தோல் மறுபடி முற்றும்வரை | சக்கரம், தடித்த பாகம் |
| வெட்டிப் போடுவது | குறைவு | அளவு தப்பினால் மறுபடி வேலை | சில வருடம் | நேர்ப் பட்டை, ஓ-ரிங் |
| புதுத் தலை | அதிகம் | விட்டம் சேராமல் திருப்பி அனுப்புவது | சில வருடம் | உடைந்த தலை, தினசரி உபயோகம் |

எந்த வழியில் போனாலும், தலையைத் தரையில் ஊன்றி வைக்காதீர்கள். வளைந்தும் இழுபட்டும் நிற்கிற ரப்பரைத்தான் ஓசோன் முதலில் வெடிக்க வைக்கும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் ஓடும்போது பொறி தட்டிக் கொஞ்சம் ஓசோனை அதுவே உண்டாக்குகிறது; ஓடி முடித்த சூட்டோடு மெஷினையும் ரப்பர் சாமான்களையும் ஒரே அலமாரியில் அடைக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் தண்ணீரை உறிஞ்சினால் அன்றே பட்டையை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

அத்தை இப்போது தலையைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார், பட்டை எதிலும் படாமல். மாமாவின் அடாப்டருக்கு மட்டும் இந்த வருடமும் ஜாடி எடுக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது. அவருக்குத் தெரிந்த லேத் பட்டறையில் அதே அளவுக்கு நைலானில் கடைந்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம்.